கரையும் கரண்டும் – 7: எழும்பாத புகைபோக்கி

சென்ற இதழில் கல்பாக்கத்தோடு நின்றோம். 1984 ஜனவரியில் அங்கே முதல் அணு உலை வணிக உற்பத்தியைத் தொடங்கியது. 1986 மார்ச்சில் இரண்டாவது. தலா 220 மெகாவாட். அதே 1984-இல்தான் மாமல்லபுரத்துச் சிற்பங்களையும் கோயில்களையும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்ட எல்லை என்று வரையறுத்திருக்கிறார்கள். கடற்கரைக் கோயில் அந்த வட்டத்துக்குள்ளேதான் நிற்கிறது. வழிகாட்டிகள் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்பதும் ஒரு நியாயம்தான்.

கல்பாக்கத்தை முடிக்கும்போது ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அணு உலையை வீட்டு வாசலில் கட்டும்போது சதுரங்கப்பட்டினத்துக்காரர்களும் புதுப்பட்டினத்துக்காரர்களும் ஏன் பேசாமல் இருந்தார்கள்? பயம் இல்லையா, விவரம் தெரியாதா, வேலை கிடைக்கும் என்ற ஆசையா? மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும். ஆனால் முதல் காரணம் வேறு. பேசுவதற்கு இடமே இல்லை. அன்றைக்கு நிலம் எடுத்தது 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. அந்தச் சட்டத்தில் 1923-இல் சேர்த்த 5-ஏ என்ற பிரிவு, நிலத்தில் உரிமை உள்ளவர் 30 நாளுக்குள் ஆட்சேபம் எழுதித் தரலாம் என்றது. பட்டா வைத்திருப்பவனுக்கு அது பொருந்தும். மணலில் வலை காயப்போடுகிறவன், கருவாடு உலர்த்துகிறவள், ஏரிக்கரையில் ஆடு மேய்க்கிறவன் இவர்களெல்லாம் சட்டத்தின் கண்ணுக்கு அந்த இடத்தில் இல்லவே இல்லை. கடலுக்கு ஏது பட்டா?

அந்த இடம் சட்டத்தில் உண்டாக வெகுகாலம் ஆயிற்று. 1994 ஜனவரியில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான முதல் அறிவிக்கை வந்தது. பெரிய திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயம் என்று 1997-இல் சேர்த்தார்கள். அதனால்தான் கல்பாக்கத்தில் 500 மெகாவாட் அதிவேக ஈனுலை திட்டத்துக்கு 2001-இல் பொது விசாரணை நடந்தது. முதல் இரண்டு உலைகளுக்கு அப்படி ஒன்று கிடையாது. 2006 செப்டம்பரில் புதிய அறிவிக்கை வந்தது. முப்பது நாள் முன்னறிவிப்பு, வட்டார மொழியில் திட்டச் சுருக்கம், கலெக்டர் அல்லது அவர் அனுப்பும் அதிகாரியின் தலைமை, முழுக்க வீடியோ பதிவு, பேசியதையெல்லாம் குறித்து டெல்லிக்கு அனுப்புதல் என்று வரிசையாக விதிகள். ஒரு விதி மட்டும் வேடிக்கையானது. கூட்டம் தொடங்க இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற கணக்கு எதுவும் கிடையாது. யாருமே வராவிட்டாலும் கூட்டம் கூட்டம்தான். கை தூக்கி ஓட்டெடுப்பதும் இல்லை. ஊரே எழுந்து நின்று வேண்டாம் என்றாலும், வேண்டாம் என்றார்கள் என்று எழுதிக்கொள்வார்கள்.

இந்த விதிகள் புழக்கத்துக்கு வந்த சமயத்தில்தான் நம் கதை பாலாற்றைத் தாண்டுகிறது.

கல்பாக்கத்துக்குத் தெற்கே, வயலூருக்கு அருகே பாலாறு கடலில் சேர்கிறது. பாலத்தைக் கடந்தால் கூவத்தூர். பெயரைக் கேட்டதும் 2017 பிப்ரவரியில் எம்.எல்.ஏ.க்கள் தங்கியிருந்த சொகுசு விடுதிதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும்; தமிழ்நாடு இந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்த்த சந்தர்ப்பங்கள் அவ்வளவுதான். இன்னும் தெற்கே போனால் முதலியார்குப்பம் படகுக் குழாம், ஓதியூர்க் கழி, பனையூர்க் குப்பங்கள், கடப்பாக்கம், இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டை. கழிகளுக்கு இடையே கிடப்பதால் இடைக்கழிநாடு என்று பெயர். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இந்த இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். ஆக, இந்த நிலம் இலக்கியத்தில் பதிவாகி ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல். மின்துறையின் கோப்பில் பதிவானது 2006-ஐ ஒட்டி.

மத்திய மின்துறை அப்போது மீமிகு மின்திட்டங்கள் என்று ஒரு வரிசையை அறிவித்தது. ஒவ்வொன்றும் 4,000 மெகாவாட். குஜராத்தில் முந்த்ரா, மத்தியப் பிரதேசத்தில் சாசன், ஆந்திரத்தில் கிருஷ்ணபட்டினம், ஜார்கண்டில் திலையா ஆகியவை முதலில் போயின. தமிழ்நாட்டுக்கு என்று இந்தக் கழிகளை ஒட்டிய செய்யூரைக் குறித்தார்கள். கல்பாக்கத்தின் இரண்டு உலைகளும் சேர்ந்து 440 மெகாவாட். செய்யூர் அதுபோல ஒன்பது மடங்கு. அதற்கென்று கோஸ்டல் தமிழ்நாடு பவர் லிமிடெட் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, அனுமதிகளையும் நிலத்தையும் அது வாங்கி வைக்கும், பிறகு ஏலத்தில் ஜெயிக்கிற கம்பெனியிடம் மொத்தமாக ஒப்படைக்கும் என்று ஏற்பாடு. பெண்ணுக்கு நகை நட்டெல்லாம் போட்டுத் தயாராக வைத்துவிட்டு அப்புறம் மாப்பிள்ளை தேடுகிற கதை. கடைசியில் அந்தக் கல்யாணம் எப்படி நின்றது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

திட்டத்தின் வேலை முறை எளிதுதான். வெளிநாட்டு நிலக்கரி கப்பலில் வரும். பனையூர்க் கடலில் தனியாக ஒரு துறை கட்டி அதை இறக்குவார்கள். கன்வேயர் பெல்ட் அதைக் கரைக்கு மேல் கொண்டுபோகும். உள்ளே ஆயிரம் ஏக்கருக்கும் மேலான வளாகத்தில் கொதிகலன்கள் எரியும். குளிர்விக்கக் கடல்நீரை எடுத்துச் சூடேறிய நீரைத் திரும்ப விடுவார்கள். சாம்பலுக்குத் தனிக் குளம். இந்த அளவு நிலையம் ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி தின்னும். அதில் பத்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சினாலே பத்து லட்சம் டன். கொட்ட ஓர் இடம் வேண்டும். எண்ணூர் அனல்மின் நிலையங்களின் சாம்பல் எங்கே போயிற்று என்பதை வடசென்னையில் யாரைக் கேட்டாலும் கொசஸ்தலை ஆற்றைக் கைகாட்டுவார்கள். செய்யூர்க்காரர்களுக்கு எண்ணூர் ஒன்றும் தொலைதேசம் இல்லை. எண்ணூர்க் கழியைப் பற்றி டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை போறம்போக்குப் பாடல்’ 2017-இல் வெளியாகிப் பரவியது. அதற்கு முன்பே அவர் செய்யூர்த் திட்டத்தைக் கைவிடச் சொல்லிப் பொதுவெளியில் குரல் கொடுத்தவர். கீர்த்தனைகள் இயற்றிய செங்கல்வராய சாஸ்திரியின் ஊருக்காகக் கர்நாடக இசையிலிருந்து ஒரு குரல் வந்தது பொருத்தம்தான்.

மேலிருந்து பார்க்கிற அதிகாரிக்கு இந்த இடம் ஏன் பிடித்திருக்கும் என்று யோசித்தால் புரியாமல் இல்லை. சென்னைக்கு நூறு கிலோமீட்டருக்குள். பக்கத்தில் கடல். கிழக்குக் கடற்கரைச் சாலை. வருவாய்த்துறைக் கணக்கில் பெரும்பகுதி தரிசு, மேய்ச்சல் நிலம், புறம்போக்கு. பெரிய ஊர்களைப் பெயர்க்க வேண்டியதில்லை. காகிதத்தில் இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

காகிதத்தில் இல்லாததைக் கணக்கெடுத்தால் வேறு படம் தெரியும். ஓதியூர்க் கழியில் முட்டளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அந்தக் கழிதான் வயல். மழை பெய்தால் தண்ணீர் வந்து தங்கி வடிவதற்கு அந்தத் ‘தரிசு’தான் இடம். நெல், வேர்க்கடலை, தர்பூசணி, சவுக்கு என்று பருவத்துக்கு ஒன்றாக விளைகிற கொல்லைகள் நடுநடுவே. பங்குனி வரை பூநாரைகள் நிற்கும். உப்பளங்களில் கூலி வேலை. கரையில் மணல்மேடுகள், ஆமைகள் முட்டையிடும் மணல் அது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மணல்மேட்டின் மதிப்பு என்ன என்று இந்தக் கரையில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கல்பாக்கம் நகரியத்தில் மட்டும் முப்பது பேருக்கு மேல் அன்றைக்குப் போனார்கள் என்பதைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன்.

செங்கல்பட்டுச் சீமையில் ‘யாருக்கும் உரிமையில்லாத நிலம்’ என்று ஒன்று இருந்ததே இல்லை என்பது என் கட்சி. இந்த மாவட்டத்து நிலத்தை ஆங்கிலேயர் வெகு சீக்கிரமே அளக்க ஆரம்பித்தார்கள். 1767-லேயே பர்னார்டு என்ற பொறியாளர் ஊர் ஊராகக் கணக்கெடுக்கத் தொடங்கிவிட்டார். மிராசுதாருக்கு எவ்வளவு, உழுகிறவனுக்கு எவ்வளவு, வண்ணானுக்கு எவ்வளவு என்ற வழக்கு நூறாண்டுக்கு மேல் ஓடியது. 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கைதான் அவர்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலங்களுக்கு வித்து. அப்படிக் கொடுத்த நிலமும் கைமாறிப்போய், மீட்கக் கேட்டுக் காரணையில் போராட்டம் எழுந்து, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். இவ்வளவு நடந்த மாவட்டத்தில் ஆயிரம் ஏக்கரைச் சும்மா கிடக்கிறது என்று எழுத வேண்டுமானால் எழுதுகிறவருக்கு ஊர் தெரிந்திருக்கக் கூடாது.

இங்கே கொஞ்சம் வழி விலகி மதுராந்தகம் பக்கம் போய் வருகிறேன். வேடந்தாங்கலுக்கு. 1790-களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் கூடுகட்டியிருந்த பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, ஏரிப் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று கௌல் என்ற உறுதிப் பத்திரம் ஒன்றை வாங்கிவந்தார்கள். 1858-இல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். பறவை நேசம் என்று இதைப் பாடப் புத்தகத்தில் எழுதுகிறோம். ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் சொன்ன கணக்கு எளிது: பறவை எச்சம் ஏரித் தண்ணீரை உரமாக்குகிறது, அந்தத் தண்ணீர் பாய்ந்தால் நெல் கூடுதலாக விளைகிறது. சுயநலம்தான். அந்தச் சுயநலம் இல்லாவிட்டால் இன்றைக்குச் சரணாலயம் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மின்நிலையத்தை எதிர்ப்பவர்களைப் பற்றி நகரத்தில் ஒரு வாடிக்கையான பேச்சு உண்டு. ‘கரண்டு மட்டும் வேணும், ஆனா நம்ம தெருவுல வேணாம்னா எப்படி?’ 2011 முதல் 2013 வரை இந்தப் பேச்சுக்குத் தனி வலு இருந்தது. தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. சென்னையில் மணிக்கணக்கில், மதுரை, கோவை, திருநெல்வேலிப் பக்கம் ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்டு இருக்காது. விசைத்தறி நின்றது, பிள்ளைகள் மெழுகுவர்த்தியில் படித்தார்கள், இன்வெர்ட்டர் கடைக்காரர்கள் மட்டும் சிரித்தார்கள். 2011 தேர்தலில் ஆட்சி மாறியதற்கு மின்வெட்டும் ஒரு காரணம். கூடங்குளத்தில் இடிந்தகரை மக்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். மக்களின் அச்சம் தீரும்வரை வேலையை நிறுத்துங்கள் என்று 2011 செப்டம்பரில் தீர்மானம் போட்ட ஜெயலலிதா அமைச்சரவை, 2012 மார்ச்சில் உடனே திறக்கலாம் என்றது. நடுவில் மாறியது உலையில்லை. ஊரில் இருட்டு கூடியிருந்தது. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றமும் பச்சைக்கொடி காட்டியது.

அந்த இருட்டுக்கு நடுவே 4,000 மெகாவாட் வேண்டாம் என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். செய்யூர்க்காரர்களைப் பார்த்துச் சினந்தவர்களை என்னால் முழுக்கக் குறைசொல்ல முடியவில்லை. ஆனால் கணக்கு இப்படி: 4,000-இல் தமிழ்நாட்டின் பங்கு 1,600 மெகாவாட். மீதி பிற மாநிலங்களுக்கு. நிலக்கரி இந்தோனேசியாவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருந்து. லாபம் ஏலத்தில் ஜெயிக்கும் கம்பெனிக்கு. சாம்பல் மட்டும் முழுக்க முழுக்கச் செய்யூருக்கு. ‘நம்ம தெருவுல வேணாம்’ என்பதை ஏளனமாகச் சொல்கிறவர் தெருவில் சாம்பல் குளம் வராது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருப்பதில்லை.

மீனவர்களின் பயம் வேறு வகை. இந்தக் கரையில் அலை மணலை ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். குறுக்கே கல்லைக் கொட்டித் துறை கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். புதுச்சேரித் துறைமுகத்து அலைத்தடுப்புக்குப் பிறகு வடக்கே இருந்த குப்பங்களுக்கு என்ன ஆயிற்று என்பது கண்கூடு. மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013-இல் திறந்தபோது சூளேரிக்காட்டுக்குப்பத்து மக்கள் தங்கள் கரை கரைகிறது என்று கொதித்தார்கள். அது குடிதண்ணீருக்கு; எதிர்த்துப் பேசவே நா கூசும். இருந்தும் பேசினார்கள், ஏனென்றால் படகை ஏற்றி நிறுத்த மணல் இல்லை. கரைவலை இழுக்கக் கரை வேண்டும் என்பதை எந்தத் தாக்க மதிப்பீட்டு அறிக்கையிலும் தேடிப் பார்க்கலாம். ‘சமூகப் பொருளாதாரம்’ என்ற தலைப்பில் நாலு வரி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

செய்யூர்த் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி 2013-இல் கிடைத்தது. எதிர்த்தவர்கள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். மணல்மேடுகளும் நீர்நிலைகளும் அங்கே வாதப் பொருளாயின. இந்தப் போராட்டத்தில் நான் கவனித்தது, சுவரொட்டியைவிட நகல் எடுக்கும் கடைக்கு அதிக வேலை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு, வரைபடத்தின் நகல், அதிலுள்ள சர்வே எண்ணை நேரில் போய்ச் சரிபார்ப்பது, குறிப்பெழுதுவது. சென்னையிலிருந்து சூழலியல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன் போன்றவர்கள் துணைக்கு வந்தார்கள். எல்லாரும் ஒரே குரல் என்று நினைக்க வேண்டாம். இப்படிப்பட்ட ஊர்களில் நிலம் உள்ளவருக்கு விலை கூடக் கிடைத்தால் போதும் என்ற எண்ணம் வரும். நிலமில்லாதவருக்கு வாட்ச்மேன் வேலையாவது வருமா என்ற எண்ணம் வரும். மீன்பிடிப்பவருக்கு இரண்டும் இல்லை. சாதியும் நடுவே வந்து நிற்கும். நகரத்து ஆதரவாளர்கள் எழுதும் அறிக்கைகளில் இந்தப் பிளவுகள் தெரிவதில்லை என்பது அவர்கள்மேல் என் பழைய குறை.

இதே காலத்தில் பக்கத்து மாநிலத்தில் என்ன நடந்தது என்பதும் இங்கே எட்டியிருக்கும். ஆந்திரத்தின் சோம்பேட்டாவில், ஊரார் ‘பீலா’ என்று அழைக்கும் சதுப்புநிலத்தில் அனல்மின் நிலையம் கட்ட வந்தார்கள். அதுவும் கணக்கில் தரிசு. 2010 ஜூலை 14 அன்று போலீஸ் சுட்டு உயிர் போனது. அதையொட்டித் திட்டத்தின் அனுமதியும் போனது. செய்யூரில் நல்லவேளை ரத்தம் சிந்தவில்லை.

இனி கல்யாணம் நின்ற கதை.

முந்த்ராவில் டாடா நிறுவனம் யூனிட்டுக்கு ரூ. 2.26 என்று ஏலம் கேட்டு ஜெயித்தது. இந்தோனேசிய நிலக்கரி மலிவாகக் கிடைத்துக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில் கேட்ட விலை அது. 2010-இல் இந்தோனேசியா விலை நிர்ணய விதிகளை மாற்றியது. நிலக்கரி விலை ஏறியது, டாடாவுக்கும், அதே நிலக்கரியை நம்பிய அதானிக்கும் கையைக் கடித்தது. விலையை ஏற்றித் தாருங்கள் என்று ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போய், அங்கிருந்து உச்ச நீதிமன்றம் வரை வழக்கு ஓடியது. 2017 ஏப்ரலில் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. கிருஷ்ணபட்டினத்தை எடுத்த ரிலையன்ஸ் அதை நடுவிலேயே நிறுத்திவிட்டது. வெளிநாட்டு நிலக்கரியை நம்பிக் கடற்கரையில் கட்டும் நிலையம் என்றாலே கம்பெனிகளுக்கு வயிற்றைக் கலக்கியது.

அந்த வழக்கு ஓடிக்கொண்டிருந்த சூழ்நிலையில்தான் செய்யூர் ஏலத்துக்கு வந்தது. ஆரம்பத்தில் ஆர்வம் காட்டிய தனியார் நிறுவனங்கள், ஏல ஆவணத்தின் நிபந்தனைகள் ஒத்துவராது என்று 2014-இல் ஒவ்வொன்றாக விலகின. 2015 தொடக்கத்தில் மத்திய அரசு செய்யூருக்கும் ஒடிசாவின் பேடாபகாலுக்குமான ஏலத்தை ரத்து செய்தது. புதிய விதிகளுடன் மறுபடி வருவோம் என்றார்கள். வரவில்லை. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் சூரிய மின்சாரம் யூனிட் ரூ. 2.44-க்கு ஏலம் போனது. அதற்குமேல் செய்யூரில் நிலக்கரி எரிக்க எந்தக் கணக்கப்பிள்ளையும் சம்மதிக்க மாட்டான். பனையூரில் புகைபோக்கி எழவில்லை. நிலக்கரித் துறை கட்டவில்லை.

அப்படியானால் போராட்டம் ஜெயித்ததா? சந்தை முடித்துவைத்தது என்று பொருளாதாரப் பத்தி எழுதுகிறவர்கள் சொல்வார்கள். மக்கள் சக்தி என்று துண்டறிக்கை சொல்லும். என் தீர்ப்பு இரண்டுக்கும் நடுவே விழுகிறது. கல்பாக்கத்தைப்போல் கேட்பாரில்லாமல் நிலம் எடுத்திருந்தால், 2010-க்கு முன்பே வேலை தொடங்கியிருக்கும். நிலக்கரி விலை ஏறியபோது பாதி கட்டிய கொதிகலன்களும் மூடிய கழியும் மிஞ்சியிருக்கும். கேள்வி கேட்டு, மனுப் போட்டு, வழக்காடி அவர்கள் சம்பாதித்தது காலம். அந்தக் காலத்துக்குள் திட்டத்தின் கணக்கு தானாகவே பொய்த்தது. முந்த்ராவில் அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. அங்கத்திய மீனவர்களும் விவசாயிகளும் நிலையம் எழுந்த பிறகு, அதற்குக் கடன் கொடுத்த உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2019 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்ட நிறுவனத்துக்கு முழு விலக்கு கிடையாது, வழக்குத் தொடுக்கலாம் என்று சொன்னது. பெரிய தீர்ப்பு. ஆனால் கடல் சூடான பிறகு வந்த தீர்ப்பு.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கமும் இதே காலத்தில் இதே கதை, இன்னும் கசப்பாக. திருகோணமலை மாவட்டம் சம்பூரில் 2006 போரில் தமிழ்க் கிராமங்கள் காலியாயின. ஊர்க்காரர்கள் அகதி முகாமில் இருக்கும்போதே அவர்கள் நிலத்தில் இந்தியாவின் என்.டி.பி.சி.யும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்டத் தீர்மானித்தன. செய்யூரில் மக்கள் இருந்துகொண்டே இல்லாதவர்களாகக் கணக்கில் ஆனார்கள். சம்பூரில் மெய்யாகவே விரட்டிவிட்டு நிலத்தைக் காலி என்றார்கள். திரும்பி வந்த மக்கள் எதிர்த்தார்கள், வழக்கும் நடந்தது. நிலக்கரித் திட்டத்தைக் கைவிடுவதாக 2016-இல் இலங்கை அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அதே சம்பூரில் சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்க விழா நடந்தது.

சூரியனும் காற்றும் வந்துவிட்டால் சண்டை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இலங்கையின் மன்னாரைப் பார்க்க வேண்டும். அங்கே காற்றாலைகளை எதிர்த்து 2025-இல் தீவு மக்கள் வீதியில் இறங்கினார்கள். தாழ்வான தீவில் காற்றாலை அடித்தளங்களும் பாதைகளும் மழைநீர் வடிவதைத் தடுக்கின்றன, வலசைப் பறவைகளின் பாதை கெடுகிறது, மீன்பாடு குறைகிறது என்பது அவர்கள் வழக்கு. அதில் எது எவ்வளவு சரி என்பதை ஆய்வுதான் சொல்ல வேண்டும். ஆனால் புகை இல்லாத மின்சாரம் என்பதால் மட்டும் ஊராரைக் கேட்காமல் கட்டலாம் என்று ஆகிவிடாது. நம் கொங்கு மண்டல விவசாயிகள் 2018, 2019-இல் உயர்மின் கோபுரங்களை எதிர்த்தபோது அவர்கள் முன் நீட்டியது 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம். கோபுரக் கம்பி அடுத்தவன் கொல்லைக்கு மேல் போக, தந்தி அடித்த காலத்துச் சட்டமே போதும் என்று இன்றும் நினைக்கிறோம்.

செய்யூர் தப்பியது. கல்பாக்கத்தைச் சுற்றியிருப்பவர்களுக்கு அந்தப் பேறு இல்லை. அணுமின் நிலையத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் இயல்பான வளர்ச்சிக்கு மட்டுமே அனுமதி என்பது விதி. மக்கள்தொகை பெருகக் கூடாது, ஏனென்றால் ஆபத்து வந்தால் அத்தனை பேரையும் வெளியேற்ற வேண்டும். விதியில் நியாயம் உண்டு. ஆனால் வீட்டுக்கு மாடி எடுக்கவும் மனை பிரித்து விற்கவும் தடையாக வந்து நிற்பது அதே விதிதான். உலை கட்டும்போது ஒப்பந்த வேலையும், கட்டி முடித்த பிறகு கட்டுப்பாடும் என்று ஊர்க்காரர்கள் குறைப்படுவதில் பொய் இல்லை. உடல்நலம் குறித்து சதுரங்கப்பட்டினத்தில் மருத்துவம் பார்த்த டாக்டர் வீ. புகழேந்தி பல ஆண்டுகளாகக் கேள்வி எழுப்பிவந்தார். அணுசக்தித் துறை மறுத்துவந்தது. அணுசக்தித் துறையைச் சாராத ஒருவர் முழுதாக எண்ணிப் பார்க்க வசதியான புள்ளிவிவரம் பொதுவில் இருந்திருந்தால், அந்த வாக்குவாதம் இவ்வளவு நீண்டிருக்காது என்பது மட்டும் என் கருத்து.

பழைய காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 29-இல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆயிற்று. செய்யூர்க் கோப்புகளெல்லாம் காஞ்சிபுரம் என்ற பெயரிலேயே கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. மாவட்டம் மாறும்போது காகிதங்கள் எவ்வளவு தொலையும் என்பது அலுவலகம் ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும். எனவே ஒரு வேண்டுகோள். கல்பாக்கத்துக்கு நிலம் எடுத்த நாளைய நோட்டீஸ், செய்யூர்க் கூட்டத்துக்கு அடித்த துண்டறிக்கை, கிராம சபைத் தீர்மானத்தின் நகல் இப்படி ஏதாவது உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால், மூலத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒரு நகலை இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் எண்ணூர்.